பனிச்சறுக்கு மலையில் வாக்கி-டாக்கி: புதிய பணியாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பனிச்சறுக்குத் தளத்தில் வேலைக்குச் சேரும் நாளில் ஒரு மேலங்கியும் ஒரு வாக்கி-டாக்கியும் கைக்கு வரும். மேலங்கியைப் போட்டுப் பார்த்து அளவு சரியா என்று கேட்பார்கள். வாக்கி-டாக்கிக்கு, "அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம்" என்ற ஒரே வரியில் பாடம் முடிந்துவிடும். எனக்கும் அப்படித்தான் முடிந்தது. அதன்பிறகு ஒரு பருவம், சறுக்க வருபவர்களைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு மேலே ஏற்றும் நாற்காலி லிஃப்டின் மேல்முனையிலும், மூன்று பருவங்கள் கட்டுப்பாட்டு அறையிலும் வேலை பார்த்தேன். அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு மலை கண்ணில் படாது. காதில் விழுவதுதான் அவருக்கு மலை. யார் எப்படிப் பேசினால் உதவி சீக்கிரம் போகிறது, யார் எப்படிப் பேசினால் எல்லாம் குழம்புகிறது என்பதை அங்கேதான் கற்றேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சேனல் என்பது ஒற்றையடிப் பாதை. எதிரும் புதிருமாக இருவர் அதில் போக முடியாது. நீங்கள் பொத்தானை அழுத்தும் கணத்தில், அந்தச் சேனலில் இருக்கும் அத்தனை பேரும் வரப்பில் ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் ரத்தம் கசியும் ஒரு காலைக் கையால் அழுத்திப் பிடித்தபடி ஒதுங்கி நிற்கலாம். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்தப் பாதையில் எப்படி நடப்பது என்பதைப் பற்றியதுதான்.

1. கையில் இருப்பது என்ன?

மலையில் பணியாளர்கள் பயன்படுத்தும் கருவிகள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஒன்றில் இயங்குகின்றன. வி.எச்.எஃப். என்பது 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை, யு.எச்.எஃப். 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே. வி.எச்.எஃப். அலையின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர், யு.எச்.எஃப். அலைக்கு முக்கால் மீட்டருக்கும் குறைவு. நீண்ட அலை முகட்டின் விளிம்பில் சற்று வளைந்து அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கும். குட்டை அலை கட்டடங்களுக்குள் நன்றாக நுழையும். அதனால் திறந்த மலைக்கு முந்தையதும், விடுதிகளும் கட்டடங்களும் நிறைந்த அடிவாரத்துக்குப் பிந்தையதும் பொருந்தும்.

கைக்கருவியின் சக்தி வழக்கமாக 4 அல்லது 5 வாட். வண்டிகளில் பொருத்தப்படும் கருவிகள் 25 முதல் 50 வாட் வரை போகும். சுற்றுலாப் பயணிகள் கடையில் வாங்கி வரும் சிறு கருவிகள் வேறு வகை. ஐரோப்பாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 446 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு அரை வாட்டுதான் அனுமதி. குடும்பத்தோடு சறுக்க வந்தவர்களுக்கு அது போதும். பணியாளர்களுக்கு உரிமம் பெற்ற அலைவரிசை வேண்டும். அதை வாங்குவது நிர்வாகத்தின் வேலை. உங்கள் வேலை, கொடுத்த சேனல்களைத் தவிர வேறெதிலும் பேசாமல் இருப்பது.

வாட் எண்ணைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். மலையில் தூரத்தைவிட மறைவுதான் எதிரி. எதிர் முகட்டில் 8 கிலோமீட்டர் தள்ளி நிற்பவரோடு துல்லியமாகப் பேசுவீர்கள். ஒரு பாறைத் தோளுக்குப் பின்னால் 300 மீட்டரில் இருப்பவருக்கு நீங்கள் பேசியது கேட்டிருக்காது. ரிப்பீட்டர் என்ற இடைநிலையம் வந்தது இதற்காகத்தான். உச்சியில் நிற்கும் அந்தப் பெட்டி உங்கள் குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, அதே கணத்தில் வேறோர் அலைவரிசையில் மலை முழுவதும் வீசுகிறது. உங்கள் குரல் உச்சியை எட்டினால் போதும், எல்லோரையும் எட்டிவிடும்.

ஆகவே உங்கள் கருவியில் இரண்டு விதமான சேனல்கள் இருக்கும். ஒன்று ரிப்பீட்டர் வழியாகப் போவது. இன்னொன்று கருவியிலிருந்து கருவிக்கு நேராகப் போவது. எந்த எண் எந்த விதம் என்பதை முதல் நாளே மனப்பாடம் செய்யுங்கள். உச்சியில் இருக்கும் ஆன்டெனாவின் மீது உறைபனி ஓட்டுப் போல அப்பிக்கொள்வதும், அங்கே மின்சாரம் போவதும் புயல் நாளில்தான் நடக்கும். நேர்ச்சேனல் தேவைப்படுவதும் அந்த நாளில்தான். கையுறையோடு, இருட்டில், பார்க்காமலே குமிழைத் திருப்பி அந்தச் சேனலுக்குப் போக முடிய வேண்டும். ஒரு முனையிலிருந்து எத்தனை 'டக்' சத்தம் என்று எண்ணிப் பழகுவது நல்ல வழி.

டிஜிட்டல் கருவிகளைப் பற்றி ஒரு சொல். 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே சேனலை நேரத்தால் இரண்டாகப் பங்கிட்டு, இரண்டு உரையாடல்களுக்கு இடம் தரும் கருவிகள் இப்போது பரவலாகிவிட்டன. பேசுபவரின் எண் திரையில் தெரியும், அவசரப் பொத்தான் உண்டு, இரைச்சல் இல்லை. இருந்தாலும் பழைய அனலாக் கருவியின் மீது எனக்கு ஒரு பாசம் இருக்கிறது. மறைவை நெருங்கும்போது அதில் இரைச்சல் மெல்ல ஏறும். "எல்லைக்கு வந்துவிட்டாய், இரண்டடி மேலே ஏறு" என்று அதுவே சொல்லிவிடும். டிஜிட்டல் கருவியில் குரல் கடைசிவரை தெளிவாக இருந்துவிட்டு, திடீரென்று தகரத்தை நசுக்கியதுபோல் சிதைந்து அறுந்து போகும்.

2. காலையில் எடுக்கும்போது

எண்ணைப் பதிவேட்டில் எழுதி, கருவியை எடுங்கள். ஆன்டெனா இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் திருகிப் பாருங்கள். பேட்டரியின் தாழ்ப்பாள் விழுந்திருக்க வேண்டும். மைக் வயரின் இணைப்பில் பனி உருகிய ஈரம் இருந்தால் துடைத்துவிடுங்கள். ஒலியை முக்கால் அளவுக்கு வையுங்கள். அறைக்குள் அது காதைத் துளைக்கும். வெளியே காற்றிலும் தலைக்கவசத்துக்குள்ளும் அதுவே போதாமல் போகும்.

பிறகு சோதனை அழைப்பு. அதை அறையின் வாசலில் நின்று செய்வதில் பயன் இல்லை, அங்கே எல்லாக் கருவிகளும் வேலை செய்யும். உங்கள் பணியிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் அங்கிருந்து செய்யுங்கள். "நன்றாகக் கேட்கிறது" என்ற பதில் வரும்வரை உங்களிடம் ரேடியோ இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே மாட்டுவது? மார்பில், தோல்வார்ப் பையில், ஆன்டெனா நேராக மேல்நோக்கி நிற்கும்படி. இடுப்பில் மாட்டினால் விழும்போது அதன் மேலேயே விழுவீர்கள். போதாததற்கு உங்கள் உடம்பே அலையை மறைக்கும். முதுகுப்பைக்குள் போட்டால் யார் அழைத்தாலும் கேட்காது. மைக் மட்டும் கழுத்துப்பட்டைக்கு அருகில், வாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

3. குளிரும் பேட்டரியும்

லித்தியம்-அயன் பேட்டரி குளிரில் சோம்பேறியாகிவிடும். உள்ளே சக்தி இருக்கும், வெளியே கொடுக்க மறுக்கும். கேட்கும்போது தாக்குப்பிடிக்கும் கருவி, பொத்தானை அழுத்தியதும் 'பீப்' என்று ஒரு முறை முனகிவிட்டு அணைந்துபோவது அதனால்தான். அனுப்புவதற்கு அதிக மின்சாரம் வேண்டும். சில்லிட்ட பேட்டரியால் அதைத் தர முடியவில்லை. சூடானதும் பாதிக்கு மேல் மிச்சம் காட்டும். எனவே கருவி மேலங்கிக்கு உள்ளே, மைக் வெளியே. மாற்றுப் பேட்டரி உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி இருக்கட்டும்.

பேட்டரியின் ஆயுளைப் பற்றி விளம்பரத்தில் காணும் மணிக்கணக்கு பெரும்பாலும் ஒரு கணக்கை நம்பி எழுதப்பட்டது: நேரத்தில் 5 விழுக்காடு பேச்சு, 5 விழுக்காடு கேட்பு, மீதி 90 விழுக்காடு சும்மா இருப்பது. விபத்துகள் அடுத்தடுத்து வரும் விடுமுறை நாளில் இந்தக் கணக்கு செல்லாது. மதியத்தில் பேட்டரியை மாற்றிக்கொள்வதை ஒரு பழக்கமாக்குங்கள்.

மாலையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே கிடந்த பேட்டரியை உடனே சார்ஜரில் செருகினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். தவிர, குளிர்ந்த கருவியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் அதன் மீது வியர்த்துவிடும். மேசையில் வைத்து அறையின் சூட்டுக்கு வரவிட்டு, துடைத்து, அப்புறம் சார்ஜரில் வையுங்கள்.

4. பேசும் முறை

வரிசை இதுதான். கேளுங்கள். யோசியுங்கள். அழுத்துங்கள். ஒரு நொடி பொறுங்கள். பேசுங்கள். பேசி முடித்து, அரை நொடி கழித்துப் பொத்தானை விடுங்கள்.

அந்த ஒரு நொடிதான் பலருக்கும் வராது. பொத்தானை அழுத்தியதும் கருவி அனுப்பும் நிலைக்கு மாற வேண்டும், ரிப்பீட்டர் விழிக்க வேண்டும், எதிர்முனைக் கருவி திறக்க வேண்டும். அதற்குள் நீங்கள் தொடங்கிவிட்டால் முதல் அசை பனியோடு போய்விடும். முதல் அசையில் இருப்பது பெரும்பாலும் யாரை அழைக்கிறீர்கள் என்பது. "...து ஏழு, லிஃப்ட் இரண்டு" என்று கேட்டால் ரோந்து ஏழும் (சரிவுகளைக் கண்காணித்துக் காயம்பட்டவர்களை மீட்கும் ரோந்துக் குழுவில் ஏழாம் எண்காரர்) திரும்பிப் பார்க்க மாட்டார், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

அழைக்கும்போது அவர் பெயர் முதலில், உங்கள் பெயர் பிறகு. "கட்டுப்பாட்டு அறை, லிஃப்ட் இரண்டு மேல்முனை." தம் பெயரைக் கேட்டதும்தான் மனிதர் காதைத் தீட்டுகிறார், அடுத்து வருவதை அந்தத் தீட்டிய காதால் கேட்கிறார். அவர் "சொல்லுங்கள்" என்ற பிறகே செய்தி. பெயர் என்றது பணிப்பெயர். அண்ணனும் அக்காவும் சாரும் ஓய்வறையோடு நிற்கட்டும். ரேடியோவில் மரியாதை குரலில் இருந்தால் போதும், அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டிப் பேசுங்கள். கத்த வேண்டாம். கத்தினால் மைக் திணறிக் குரல் கரகரக்கும். இயல்பான குரலில், வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். மூச்சிரைக்க ஏறி வந்திருந்தால் இரண்டு மூச்சு விட்டுவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு மூச்சுக்கு ஆகும் நேரம், "என்ன சொன்னீர்கள்?" என்று மறுபடி கேட்பதற்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவு.

இனி மொழி. ரேடியோவில் எந்த மொழி என்பதைத் தளம் முடிவு செய்யும். பல நாட்டவர் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் அது உங்கள் தாய்மொழியாக இருப்பது அரிது. ஆனால் தமிழில் யோசித்துப் பழகியவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ் வாக்கியத்தின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கிறது. "இரண்டாம் லிஃப்டை இப்போது இயக்க வேண்டும்", "இரண்டாம் லிஃப்டை இப்போது இயக்க வேண்டாம்" — இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் அசை. பொத்தானை அவசரமாக விடும்போது வெட்டுப்படுவதும் அதே கடைசி அசைதான். இதைவிட மோசமான கூட்டு ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. ஆகவே செயலை முன்னால் கொண்டுவாருங்கள். எதிர்மறையை வினையின் வாலில் தொங்கவிடாமல் தனிச் சொல்லாக்குங்கள். "நிறுத்தம். லிஃப்ட் இரண்டு நிறுத்தம்." "தடை. மேல்பாதை தடை." எழுதினால் வறட்டுத் தமிழாகத் தோன்றும். இரைச்சலில் அது பிழைத்துக்கொள்ளும்.

எண்களும் அப்படியே. பதினாறும் பதினேழும் காற்றில் ஒன்றுபோலவே கேட்கும். எழுபதும் எழுநூறும் அண்ணன் தம்பி. இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: "ஒன்று-ஆறு", "ஏழு-பூஜ்யம்". ஆங்கிலத்தில் பேசுபவர்களுக்கும் பதினைந்தோடும் ஐம்பதோடும் இதே தொல்லைதான். விமானிகள் 9-ஐ 'நைனர்' என்று நீட்டிச் சொல்வதும் இதே காரணத்தால். எழுத்துகளைச் சொல்ல வேண்டியிருந்தால் 1956 முதல் விமானத் துறையில் நிலைத்திருக்கும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசை இருக்கிறது. புதிதாக ஒன்றை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டாம்.

குறியீட்டு எண்களைப் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. '10-4' (கேட்டது, சரி) போன்ற பத்து வரிசைக் குறிகள் 1930களின் இறுதியில் அமெரிக்கப் போலீஸ் ரேடியோவில் பிறந்தவை. சில வட அமெரிக்க ரோந்துக் குழுக்கள் இன்றும் காயம்பட்டவரைக் குறிக்க '10-50' என்பார்கள். ஒரே எண்ணுக்கு ஊருக்கு ஊர் வேறு பொருள் இருந்ததால், பல துறைகள் சேர்ந்து செயல்படும் அவசரங்களில் எளிய மொழியே வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி நெருக்கடி மேலாண்மை அமைப்பு 2006-இல் வலியுறுத்தியது. உங்கள் தளத்தில் குறிகள் இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். எது மறந்தாலும் சாதாரணச் சொல்லில் சொல்லிவிடுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒரு சின்ன வேடிக்கை: கேட்காமல் போனால் ஆங்கிலத்தில் 'சே அகெய்ன்' என்றுதான் கேட்க வேண்டும், 'ரிப்பீட்' என்று கேட்கக்கூடாது என்று பழைய ஆட்கள் திருத்துவார்கள். பீரங்கிப் படையில் 'ரிப்பீட்' என்றால் அதே இலக்கை மறுபடி சுடு என்று பொருள். பனிச்சறுக்கு மலையில் இது எதற்கு என்று சிரிக்கத் தோன்றும். அமெரிக்க மலைகள் சிலவற்றில் பனிச்சரிவை முன்கூட்டியே இறக்கிவிட நிஜமான ராணுவ ஹவிட்சர் பீரங்கிகளைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

5. திருப்பிச் சொல்லாதது சொல்லப்படாதது

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். இடம், எண், திசை, "நிறுத்து", "இயக்கு" ஆகியவை எதில் வந்தாலும், கேட்டவர் அதைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். 'காப்பி' (கேட்டுக்கொண்டேன்) என்ற ஒற்றைச் சொல் போதாது. அவர் எதைக் கேட்டார் என்பது அதில் இல்லை.

ஒரு முற்பகலில் காற்று பலமாக இருந்தது. லிஃப்ட் கோபுரங்களுக்குக் கீழிருந்து மேலாக எண் போட்டிருப்பார்கள். காயம்பட்டவர் 17-ஆம் கோபுரத்தின் அருகில் இருந்தார். நான் அதை 16 என்று கேட்டு, 16 என்றே எழுதி, 'காப்பி' என்றேன். காயம்பட்டவரைக் கிடத்தி இறக்கும் ஸ்லெட்டோடு இறங்கியவர் 17-ஐக் கடந்து போய் 16-இல் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். வரைபடத்தில் அது ஒரு விரல்நுனி. பனியில் கீழே போவது இலவசம், மேலே ஏறுவதற்குத்தான் விலை. முழங்கால்வரை புதையும் பனியில் ஸ்லெட்டை இழுத்துக்கொண்டு அவர் ஏறிய நிமிடங்களில், ரேடியோவில் அவருடைய மூச்சு இரைப்பதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எண்ணைத் திருப்பிச் சொல்லாமல் ஓர் அழைப்பையும் முடித்ததில்லை. ரோந்துக்காரர்களுக்கு அதோடு இன்னொரு பாடமும் கிடைத்தது: இடத்தில் சந்தேகம் இருந்தால் மேலேயே நின்று கேள்.

6. விபத்தைச் சொல்லும் வரிசை

முதலில் இடம். பேசும்போது பேட்டரி செத்தாலும், அலை அறுந்தாலும், இடம் போய்ச் சேர்ந்திருந்தால் ஆள் வந்துவிடுவார். இடப்பக்கம், வலப்பக்கம் என்பது எப்போதும் கீழ்நோக்கிப் பார்த்து நிற்பவரின் இடமும் வலமும். மேலே ஏறிவரும் வண்டிக்காரரும் இதே கணக்கில்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் சரிவுகளின் பெயருக்குப் பதில் ஒரு கற்பனைப் பெயரை வைத்து ஓர் அழைப்பு:

"கட்டுப்பாட்டு அறை, ரோந்து ஏழு."

"ரோந்து ஏழு, சொல்லுங்கள்."

"விபத்து. தேவதாரு சரிவு, கோபுரம் ஒன்று-ஏழுக்கு நேர், இடப்பக்கம், மரங்களின் ஓரம். ஆண், நான்கு-பூஜ்யம் வயது இருக்கும். நினைவு தெளிவு. வலது முழங்கால் காயம். தேவை: ஸ்லெட், கால் மட்டை, துணைக்கு ஒருவர். ஓவர்."

"தேவதாரு சரிவு, கோபுரம் ஒன்று-ஏழு, இடப்பக்கம். ஆண், நான்கு-பூஜ்யம். நினைவு தெளிவு. வலது முழங்கால். ஸ்லெட், மட்டை, ஒருவர். நேரம் 11.42."

"சரி."

இவ்வளவுதான். எப்படி விழுந்தார், யார் இடித்தார், அவருடைய மனைவி எங்கே காத்திருக்கிறார் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். பெயரும் வேண்டவே வேண்டாம். அலைவரிசையை வருடும் கருவி வைத்திருக்கும் எவரும் உங்கள் பேச்சைக் கேட்கலாம்; ஓய்வறையில் ஒரு விருந்தினரின் பக்கத்து நாற்காலியில் உங்கள் சக பணியாளரின் ரேடியோவும் அலறிக்கொண்டிருக்கும். நிலைமை மிக மோசமாக இருந்தால் அதைச் சொல்ல ஒவ்வொரு தளத்திலும் ஒரு மறைமொழி இருக்கும். குறியீடுகளை எவ்வளவு வெறுத்தாலும், அந்த ஓர் இடத்தில் நான் அதற்குத் தலைவணங்குகிறேன்.

பேசுவதற்கு முன் உங்கள் சறுக்குப் பலகைகளைக் காயம்பட்டவருக்கு மேற்பக்கத்தில் குறுக்காக நட்டுவையுங்கள். வேகமாக இறங்கி வருபவர்கள் விலகிப் போவார்கள். ஸ்லெட்டில் வருபவருக்கும் அதுவே அடையாளம். வேறு எவருடைய விபத்து அழைப்பாவது போய்க்கொண்டிருந்தால், உங்கள் பிரச்சினை உயிர்ப்பிரச்சினையா என்று உங்களையே கேளுங்கள். இல்லையென்றால் பொறுங்கள். ஆம் என்றால், இடைவெளி விழுந்ததும் "அவசரம், அவசரம்" என்று நுழையுங்கள்.

7. லிஃப்டில்

லிஃப்டை நிறுத்த ரேடியோவைத் தேடாதீர்கள். பொத்தான் முதலில், பேச்சு பிறகு. மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே தனித் தொலைபேசி பெரும்பாலும் உண்டு. ரேடியோ அதற்குத் துணை. மறுபடி இயக்குவதில் ஒரு பொதுவழக்கம் இருக்கிறது: நிறுத்தியவர் விடுவித்தால்தான் ஓடும். இரு முனையும் "இங்கே காலி" என்று சொல்லி, நிறுத்தியவர் "இயக்கலாம்" என்று சொல்லி, கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் விரல் பொத்தானுக்குப் போக வேண்டும். பாதிதான் கேட்டதென்றால் அது கேட்காததே.

நாற்காலியில் ஏறியதும் மைக் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். பாதுகாப்புக் கம்பியை மடிக்கு இறக்கும்போது அது மைக்கின் பொத்தானை அழுத்திக்கொள்வதுண்டு. ஒரு நாள் இரண்டு பேர் உணவகத்து சூப்பையும் அதைவிடத் தண்ணீராக இருந்த தங்கள் மேலாளரின் மூளையையும் ஒப்பிட்டுப் பேசியதை மலை முழுவதும் கேட்டது. எல்லோரும் சிரித்தோம். பிறகுதான் தெரிந்தது, அதே நேரத்தில் கீழ்முனையிலிருந்து ஒருவர் எங்களை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பண்பலை ரேடியோவில் வலிய அலை மெலிந்த அலையை விழுங்கிவிடும். இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒருவர் காணாமல் போவார், அல்லது வெறும் கிறீச்சல் கேட்கும். அனுப்பிக்கொண்டிருக்கும் கருவியால் அதே நேரத்தில் கேட்க முடியாது என்பதால், காணாமல் போனவருக்குத் தான் காணாமல் போனதே தெரியாது. கடைசியில் அவர் லிஃப்ட் தொலைபேசியில் கூப்பிட்டார்.

ஒரு நிமிடத்துக்குமேல் தொடர்ந்து அழுத்தப்பட்டால் தானே துண்டித்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. அதை இயக்கி வைத்திருக்கிறார்களா என்று தொழில்நுட்ப ஆளிடம் கேளுங்கள். மலை திடீரென்று சந்தேகப்படும்படி அமைதியானால், முதலில் உங்கள் மைக்கைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி நீங்கள்தான்.

8. பனிச்சரிவுப் பணி

பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் சைகைக்கருவி உலகெங்கும் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. அருகில் இருக்கும் மின்கருவிகள் அதைக் குழப்பும். அணிந்து சைகை அனுப்பும் நிலையில் ரேடியோவும் கைப்பேசியும் குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி, தேடும் நிலையில் 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நடைமுறையில், தேடுபவரின் கையில் ரேடியோ இருக்கக்கூடாது. குழுவில் ஒருவர் ஓரமாக நின்று ரேடியோவை மட்டும் கவனிக்கட்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடங்களுக்குப் பிறகு செங்குத்தாகச் சரிகிறது, அந்த நிமிடங்களில் "எங்கே இருக்கிறீர்கள், எத்தனை பேர்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தேடுபவர் நிற்கக்கூடாது.

வெடிவைத்துச் சரிவை இறக்கும் காலைகளில் விதி இன்னும் கடுமையானது. மின்சாரத்தால் தூண்டப்படும் வெடிமுனைகளின் கம்பி ஆன்டெனாபோலச் செயல்பட்டு, பக்கத்தில் அனுப்பப்படும் ரேடியோ அலையிலிருந்தே மின்னோட்டம் எடுத்துக்கொள்ளக்கூடும். எத்தனை மீட்டருக்குள் பொத்தானை அழுத்தக்கூடாது என்பதை வெடிபொருளுக்குப் பொறுப்பானவர் சொல்வார். அதில் விவாதம் இல்லை. மற்றவர்களுக்கு அந்தச் சேனலில் மௌனம். பகுதி காலி என்று ஒவ்வொருவரும் தம் பணிப்பெயரோடு சொல்லும்போது மட்டும் வாய் திறக்கலாம்.

9. வண்டிகள்

பனியைச் சமன்செய்யும் வண்டிகள் செங்குத்துச் சரிவில் இரும்புவடத்தில் கட்டிக்கொண்டு வேலை செய்யும். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்தில் இழுபட்டு நிற்கும் அந்த வடம் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. கண நேரத்தில் பனியிலிருந்து துள்ளி எழும். எந்தச் சரிவில் வடம் கட்டியிருக்கிறது என்று ஓட்டுநர் அறிவிக்காமல் தொடங்கக்கூடாது. அறிவித்த சரிவுக்குள் அவர் "வடம் கழற்றியாயிற்று" என்று சொல்லும்வரை எவரும் நுழையக்கூடாது. ஸ்னோமொபைலில் ஏறுபவர்களும் அப்படியே: "ஸ்னோமொபைல் ஒன்று, தேவதாரு சரிவில் மேலே, அடிவாரத்திலிருந்து" என்று கிளம்பும்போது ஒரு முறை, சேர்ந்ததும் ஒரு முறை. என்ஜின் ஓடும்போது ரேடியோ கேட்காது என்பதால், வழியில் நின்று அணைத்துக் கேட்பது நல்ல ஓட்டுநரின் அடையாளம்.

10. கேட்கவில்லை என்றால்

பதில் வரவில்லையா? பதற்றப்பட்டு மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள்; பத்து நொடி விடுங்கள். ஒலிக்குமிழைப் பாருங்கள், சேனலைப் பாருங்கள். ஆன்டெனாவை நிமிர்த்துங்கள். மேலங்கிக்குள்ளிருந்து கருவியை எடுத்துத் தலைக்கு மேலே பிடியுங்கள். நான்கைந்து அடி நகர்ந்து முகடு தெரியும் இடத்துக்குப் போங்கள். மலையில் பாதிப் பிரச்சினை இந்த நான்கைந்து அடியில் தீர்ந்துவிடும். அப்படியும் இல்லையென்றால் நேர்ச்சேனலுக்கு மாறி, கண்ணுக்குத் தெரியும் யாரையாவது பிடித்து, "எனக்காக அறைக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் செய்தியை உங்களிடம் திருப்பிச் சொல்லிவிட்டு அறைக்கு அனுப்ப வேண்டும். அதுவும் முடியாவிட்டால் அடுத்த கோபுரம், அடுத்த லிஃப்ட் முனை, அடுத்த தொலைபேசி. காயம்பட்டவரைத் தனியே விட்டுப் போக முடியாதபோது, வழியில் போகும் சறுக்குவீரர் ஒருவரிடம் இடத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து லிஃப்ட் அடிவாரத்தில் கொடுக்கச் சொல்வது பழைய வழி. இன்றும் வேலை செய்கிறது. என் மேலங்கியில் ஒரு சிறு பென்சில் எப்போதும் இருக்கும். பேனாவின் மை உறைந்துவிடும்.

11. மாலை

நாளின் கடைசி வேலை, மலையைக் காலி செய்வது. கடைசியாக ஆள் ஏறிய நாற்காலியின் எண்ணைக் கீழ்முனை சொல்லும், மேல்முனை திருப்பிச் சொல்லும். அந்த நாற்காலி மேலே வந்து, ஏறியவர் இறங்கிக் கிளம்பும்வரை ரோந்துக்காரர்கள் காத்திருப்பார்கள். பிறகு ஆளுக்கொரு சரிவாகப் பிரிந்து, மரங்களின் ஓரமெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டு, கூட்டிப் பெருக்கியதுபோல் மெல்ல இறங்குவார்கள். ஒவ்வொருவரும் கீழே சேர்ந்ததும் தம் சரிவின் பெயரைச் சொல்லி, "காலி" என்பார். அறையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லி, பட்டியலில் ஒரு கோடு இழுப்பார்.

கோடு விழாத ஒரு பெயர் இருக்கும்வரை எந்த ரேடியோவும் அணையாது.